சளிக்குக் கஷாயம் ஓகே... அதுக்கு அரசு காசு கொடுக்கலாமா?

மூக்கு ஒழுகுது, தொண்டை கரகரங்குது, தலை பாரமா இருக்கு. ஆபீஸுக்கு லீவ் சொல்லிட்டு போனை எடுத்தா, ஃபேமிலி குரூப்ல ஏற்கெனவே பத்து வைத்தியம் வந்திருக்கும். பெரியம்மா சுக்குக் கஷாயம் சொல்வாங்க. சித்தப்பா ஆவி பிடிக்கச் சொல்வார். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், 'இதெல்லாம் சும்மா' என்று ஒரு வீடியோ லிங்க் அனுப்புவார். யார் சொல்றதைக் கேட்கிறது?

இது வீட்டுக்குள்ளே முடிஞ்சு போற விவாதமும் இல்லை. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. மத்திய அரசில் ஆயுஷுக்கு என்றே தனி அமைச்சகம் இருக்கிறது. அதாவது, நீங்க கஷாயம் குடிச்சாலும் குடிக்காவிட்டாலும், உங்க வரிப்பணத்தில் ஒரு பங்கு அங்கே போகுது. அது சரியா? சின்னச் சின்ன உடல்நலக் கோளாறுகளுக்கு இந்த வைத்தியங்கள் உண்மையிலேயே கைகொடுக்குதா? கொடுத்தா, அந்த ஒரு காரணம் அரசு பணம் செலவழிக்கப் போதுமா? ஒவ்வொண்ணா பார்ப்போம்.

எது மாற்று மருத்துவம்?

ஆயுஷ் என்ற சொல்லுக்குள் ஆயுர்வேதம், யோகா, இயற்கை மருத்துவம், யுனானி, சித்தா, சோவா ரிக்பா, ஹோமியோபதி எல்லாம் வந்துவிடும். ஆனால் இவை எல்லாம் ஒரே வகை கிடையாது. சித்தாவும் ஆயுர்வேதமும் மூலிகை, உலோகம், தாது, உணவு எல்லாவற்றையும் பயன்படுத்துபவை. ஹோமியோபதி 18-ம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் சாமுவேல் ஹானிமன் தொடங்கிய முறை. மருந்துப்பொருளைத் திரும்பத் திரும்ப நீர்த்துப்போகச் செய்வதுதான் அதன் அடிப்படை. யோகா உடற்பயிற்சியும் மூச்சுப்பயிற்சியும் சேர்ந்தது.

இதில் எதிலும் சேராத இன்னொன்றும் இருக்கு: நம்ம வீட்டு அடுப்படி வைத்தியம். மிளகுப் பால், சுக்கு காபி, ஓமத் தண்ணி, உப்புத் தண்ணிக் கொப்பளிப்பு இதெல்லாம் அந்தக் கணக்கு. ஐந்தரை வருஷம் பி.எஸ்.எம்.எஸ் படித்த சித்த மருத்துவர் எழுதித் தரும் மருந்தும், அம்மா போட்டுத் தரும் சுக்கு காபியும் ஒன்றல்ல. அதனால் 'மாற்று மருத்துவம் நல்லதா, கெட்டதா?' என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது. எந்த மருந்து, எந்தப் பிரச்னைக்கு, எவ்வளவு, யார் கொடுக்கிறார்கள் என்று பிரித்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

சின்ன நோயின் பெரிய ரகசியம்

'சளிக்கு மருந்து சாப்பிட்டா ஒரு வாரத்துல போகும், சாப்பிடாவிட்டா ஏழு நாள்ல போகும்' என்பது பழைய ஜோக். ஆனால் மருத்துவ ரீதியாக அதுதான் உண்மை. சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரம், பத்து நாளில் உடம்பே அதைச் சரிசெய்துகொள்ளும். திடீரென வரும் முதுகுப் பிடிப்பு, லேசான வயிற்றுக் கோளாறு, சின்னத் தலைவலி போன்றவையும் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

இங்கேதான் சிக்கல். நாம எப்போ மருந்து தேடுவோம்? பிரச்னை உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்துக்கு அடுத்து இறக்கம்தானே? மூன்றாம் நாள் ராத்திரி கஷாயம் குடிக்கிறோம், நான்காம் நாள் மூக்கு கொஞ்சம் திறக்குது. உடனே கிரெடிட் கஷாயத்துக்குப் போயிடும். அதே நாளில் ஒருத்தர் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டிருந்தால், கிரெடிட் அந்த மாத்திரைக்குப் போயிருக்கும். ரெண்டுமே இல்லாமல் தூங்கியிருந்தாலும் மூக்கு திறந்திருக்கும். 'எனக்குக் கேட்டுச்சு' என்கிற அனுபவம் பொய்யில்லை. ஆனால் தானாகப் போகும் நோய்க்கு அது நிரூபணமும் இல்லை.

அதே நேரம், இந்த விஷயத்தைத் திருப்பிப் பார்த்தால் வீட்டு வைத்தியத்தின் பெரிய நன்மையும் இதிலேயே தெரியும். தானாகப் போகும் நோய்க்கு நமக்குத் தேவை ரெண்டே விஷயம்தான்: அது போகிற வரைக்கும் கொஞ்சம் இதம், அதுவரை தேவையில்லாத மருந்து எதையும் உள்ளே தள்ளாமல் இருக்கும் பொறுமை. சூடான, தொண்டைக்கு இதமான ஒரு டம்ளர் பானம் இந்த ரெண்டையும் தருது. வைரஸ் சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. அநாவசியமாக அதை விழுங்க விழுங்க, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள்தான் பெருகும். ஒரு டம்ளர் சுக்கு காபி ஒருத்தரை ஆன்டிபயாட்டிக் பக்கம் போகாமல் நிறுத்தினால், அதுவே லாபம்தான்.

இது எவ்வளவு சீரியஸான விஷயம் என்பதை 2025 அக்டோபர் காட்டியது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில், சளி இருமலுக்காகக் கொடுக்கப்பட்ட சிரப்பைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது. அந்த சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு அரசின் ஆய்வில் அதில் 48.6 சதவிகிதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுப் பொருள் இருந்தது தெரியவந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்துகளைக் கொடுக்கக் கூடாது, ஐந்து வயது வரைகூடப் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசு அப்போது அறிவுறுத்தியது. தானாகப் போகக்கூடிய ஒரு சளிக்காகக் கொடுத்த மருந்து உயிரையே எடுத்தது. 'இங்கிலீஷ் மருந்துன்னா சேஃப்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் முடியாது. 'மூலிகைன்னா சேஃப்' என்றும் சொல்ல முடியாது.

எது எதுக்கு வேலை செய்யுது?

ஆய்வுகள் ஓரளவு தெளிவாகப் பேசும் சில விஷயங்கள் மட்டும் இங்கே.

இருமல் – தேன்: பாட்டி வைத்தியத்தில் நல்ல மார்க் வாங்கியது இது. ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2018 அறிக்கை, குழந்தைகளின் இருமலுக்கு எதுவுமே கொடுக்காமல் இருப்பதைவிடத் தேன் நல்ல பலன் தரக்கூடும் என்றது. பிரிட்டனின் நைஸ் அமைப்பும் அதே ஆண்டில், சாதாரண இருமலுக்குத் தேனைப் பரிந்துரைத்தது. ஒரே ஒரு கண்டிப்பான விதி: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவும் வழக்கத்துக்கும் இது பொருந்தும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா, பச்சிளம் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் போட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும்.

மூக்கடைப்பு – ஆவி பிடித்தல்: பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். சாதாரண சளிக்குச் சூடான ஈரக்காற்றை உள்ளிழுப்பதால் உறுதியான பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அந்த நேரத்துக்கு மூக்கு திறந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் கொதிக்கும் தண்ணி கவிழ்ந்து ஏற்படும் தீக்காயம் நிஜம். கொரோனா காலத்தில் ஆவி பிடிக்கப் போய் வெந்துபோன குழந்தைகளைப் பற்றி வெளிநாட்டு மருத்துவமனைகளே எச்சரித்தன. சின்னப் பசங்களுக்கு ஆவி வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

தொண்டை கரகரப்பு – உப்புத் தண்ணி: வெதுவெதுப்பான தண்ணியில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது இதமாக இருக்கும், செலவும் இல்லை. வைரஸைக் கொன்னுடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

மலச்சிக்கல் – நிலவாகை, இசப்கோல்: இதில் நம்ம ஊருக்கு ஒரு பெருமை இருக்கு. உலகச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா' என்று பெயர் வாங்கிய மூலிகை, நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்தில் விளைந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய நிலவாகைதான். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சென்னா இருக்கு. அதன் வேலை என்ன, அளவு என்ன என்பதெல்லாம் அளந்து பார்க்கப்பட்டுவிட்டதால் இன்று அதை யாரும் 'மாற்று' என்று சொல்வதே இல்லை. ஆனால் தினமும் மாசக்கணக்கில் சாப்பிடும் பொருள் இல்லை அது. தினசரிக்கு நார்ச்சத்து, தண்ணி, தேவைப்பட்டால் இசப்கோல்.

குமட்டல் – இஞ்சி: கர்ப்பகாலக் குமட்டலுக்கு இஞ்சி ஓரளவு உதவுகிறது. பிரிட்டன், அமெரிக்க மகப்பேறு வழிகாட்டுதல்களிலேயே இது இடம்பெற்றிருக்கிறது. கர்ப்பிணிகள் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

முதுகுவலி – ஒத்தடம், மசாஜ், யோகா: அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிதாக வந்த முதுகுவலிக்கு மாத்திரைக்கு முன்பே சூடு ஒத்தடம், மசாஜ், அக்குபஞ்சர் போன்றவற்றை முயலச் சொல்கிறது. நாள்பட்ட வலிக்கு யோகாவும் அந்தப் பட்டியலில் உண்டு. பலன் பெரிய அளவில் இருக்காது, ஆனால் வலி மாத்திரை தரும் பக்கவிளைவும் இல்லை.

மஞ்சள் பால்: மிளகில் உள்ள பெப்பரின், மஞ்சளின் குர்குமின் ரத்தத்தில் சேர்வதைப் பல மடங்கு கூட்டும் என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-ல் காட்டினார்கள். மஞ்சளும் மிளகும் சேர்ந்த கூட்டணிக்கு அது நல்ல மார்க்கெட்டிங் ஆகிவிட்டது. ஆனால் ரத்தத்தில் சேருவது வேறு, சளி குணமாவது வேறு. சமையல் அளவில் குடிக்கும் பாலில் பிரச்னை இல்லை. அதே கூட்டணியைக் கேப்ஸ்யூலில் அடைத்து அதிக அளவில் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதித்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

ஹோமியோபதி: ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஹோமியோபதி பலன் தருவதாக நம்பகமான ஆதாரம் உள்ள நோய் என்று எதுவுமே இல்லை என்று முடிவுக்கு வந்தது.

'இயற்கைதானே'ன்னு விடாதீங்க

அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-ல் ஒரு ஆய்வு வெளியானது. 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருந்தது. 2008-ல் இணையத்தில் வாங்கிய 193 தயாரிப்புகளைச் சோதித்தபோதும் ஐந்தில் ஒன்று என்ற அதே கணக்குதான். சித்தாவில் பற்பம், செந்தூரம் போன்றவை உலோகங்களையும் தாதுக்களையும் வைத்தே தயாராகின்றன. அவற்றை மருத்துவர் பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டும். நச்சுப் பொருள் பட்டியலில் உள்ளவை சேர்ந்த மருந்தின் லேபிளிலேயே அந்த எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது சட்டம். சளிக்கு என்று ஆன்லைனில் ஆர்டர் செய்து சாப்பிடும் சமாசாரம் அல்ல.

கொரோனா காலத்தில் சீந்தில் கொடி சாறு பிரபலமானது. அதன்பின் கல்லீரல் பாதிப்போடு வந்தவர்களைப் பற்றி நம் நாட்டின் கல்லீரல் நிபுணர்களே ஆய்விதழ்களில் எழுதினார்கள்; ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவை மறுத்தது. யார் சரி என்பதைத் தீர்க்க ஒரே வழி, இன்னும் நல்ல ஆய்வுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, சின்னது என்று நினைத்தது சின்னதாக இல்லாமல் போவது. இரண்டு வாரம் தாண்டிய இருமல் காசநோயாக இருக்கலாம்; சளிப் பரிசோதனை கட்டாயம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மூன்று நாளுக்கு மேல் குறையாத காய்ச்சல், கண் மஞ்சளாவது, மலத்தில் ரத்தம், முதுகுவலியோடு கால் மரத்துப்போவது அல்லது சிறுநீர் கட்டுப்பாடு போவது, பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும் குழந்தை... இதில் எது வந்தாலும் கஷாயத்தை ஓரமாக வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்.

நூறு வருஷப் பஞ்சாயத்து

இப்போ காசு விஷயத்துக்கு வருவோம். இது இன்றைக்கு ஆரம்பித்த சண்டை இல்லை. 1921-ல், பனகல் அரசர் முதல்வர் பொறுப்பில் இருந்த நீதிக்கட்சி ஆட்சியில், நாட்டு வைத்திய முறைகளை ஆராய்ந்து சொல்ல முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை மதராஸ் அரசு அமைத்தது. 1923-ல் அதன் அறிக்கை வந்தது. சித்தா, ஆயுர்வேதம், யுனானிக்கு அரசு ஆதரவு வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே இந்திய மருத்துவப் பள்ளி ஒன்று சென்னையில் திறக்கப்பட்டது.

1964-ல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கியது. மூலிகை மருந்துகளைத் தயாரிக்க டாம்ப்கால் என்ற அரசு நிறுவனம் 1983-ல் உருவானது. 2005-ல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. 2014-ல் ஆயுஷ் தனி அமைச்சகமானது. 2025-26 மத்திய பட்ஜெட்டில் அதற்கு ஒதுக்கியது சுமார் 3,992 கோடி ரூபாய். சுகாதார அமைச்சகத்துக்கு ஒதுக்கியதோ கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி. அதாவது, அங்கே 100 ரூபாய் போனால் இங்கே 4 ரூபாய். காப்பீட்டிலும் மாற்றம் வந்திருக்கு: ஆயுஷ் சிகிச்சையை மற்ற சிகிச்சைகளுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் உத்தரவிட்டது.

வெளிநாட்டில் என்ன செய்றாங்க?

பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ் பல ஆண்டுகள் ஹோமியோபதிக்குப் பணம் கொடுத்தது. 2010-ல் நாடாளுமன்ற அறிவியல் குழு 'நிறுத்துங்க' என்றது. 2017-ல் இங்கிலாந்தின் என்.ஹெச்.எஸ், மருத்துவர்கள் இனி ஹோமியோபதி எழுதித் தரக் கூடாது என்று வழிகாட்டியது. அடுத்த ஆண்டு அதை எதிர்த்துப் போட்ட வழக்கும் தள்ளுபடியானது.

அதைவிட சுவாரஸ்யமானது 2018-ல் நடந்தது. சளி, இருமல், மலச்சிக்கல் என்று 35 சின்னப் பிரச்னைகளைப் பட்டியல் போட்டு, கடையில் நேரடியாக வாங்கக்கூடிய மருந்துகளை இவற்றுக்கு அரசு செலவில் வழக்கமாக எழுதித் தர வேண்டாம் என்றது அதே என்.ஹெச்.எஸ். அப்படிப்பட்ட மருந்துகளுக்கு அதற்கு முன் ஒரே ஆண்டில் சுமார் 56.9 கோடி பவுண்டு செலவாகியிருந்தது. கவனிங்க, இது மாற்று மருத்துவத்துக்கு எதிரான முடிவு இல்லை, 'இங்கிலீஷ்' மாத்திரைக்கும்தான். தானாகப் போகும் பிரச்னைக்கு எந்த மருந்தாக இருந்தாலும் பொதுப்பணம் வேண்டாம் என்பதே வாதம்.

பிரான்ஸில் 2019-ல் அரசின் சுகாதார ஆணையம் சுமார் 1,200 ஹோமியோபதி மருந்துகளைப் பரிசீலித்து, பொதுக் காப்பீடு பணம் தர ஆதாரம் போதாது என்றது. 30 சதவிகிதமாக இருந்த பங்கு 2020-ல் 15 ஆகி, 2021-ல் பூஜ்யமானது. சுவிட்சர்லாந்து நேர் எதிர்த் திசை. 2009 மே மாதம் நடந்த பொது வாக்கெடுப்பில் 67 சதவிகிதம் பேர் மாற்று மருத்துவத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். ஹோமியோபதி, அக்குபஞ்சர், மூலிகை மருத்துவம் உட்பட ஐந்து முறைகள் அடிப்படைக் காப்பீட்டுக்குள் வந்தன. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: சிகிச்சை தருபவர் நவீன மருத்துவம் படித்த டாக்டராகவும் இருக்க வேண்டும்.

ரெண்டு பக்கமும் என்ன சொல்லுது?

அரசு பணம் தரணும் என்பவர்களின் வாதம் லேசானது இல்லை. மக்கள் எப்படியும் நாட்டு வைத்தியத்துக்குப் போகத்தான் போறாங்க. அரசு கைவிட்டால் படித்த சித்த மருத்துவரின் இடத்தில் லேகியம் விற்கும் போலி வந்து உட்காருவார். கிராமத்தில் இருக்கும் ஒருவருக்குப் பக்கத்திலேயே, இலவசமாக, தன் மொழியில் பொறுமையாகக் கேட்கும் ஒரு மருத்துவர் கிடைப்பது சாதாரண விஷயமா? தவிர, மூலிகையிலிருந்து பெரிய மருந்துகள் வந்திருக்கின்றன. சீன மருத்துவ நூலில் கிடைத்த குறிப்பைப் பிடித்துப் போய் மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் கண்டுபிடித்த தூ யூயூ 2015-ல் நோபல் பரிசு வாங்கினார்.

வேண்டாம் என்பவர்களின் வாதமும் அதே அளவு கனமானது. ஆதாரமில்லாத மருந்துக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்னொரு நர்ஸுக்குப் போகாத ரூபாய். அதைவிட முக்கியம், அரசு முத்திரை. சளிக்கு அரசே கொடுக்குதே என்று வரும் நம்பிக்கை, சளியோடு நிற்காது. சர்க்கரைக்கும் புற்றுநோய்க்கும் தாவும். 2012-ல் டெங்கு பரவியபோது தமிழ்நாடு அரசு நிலவேம்புக் குடிநீரை விநியோகித்தது. 2017 டெங்கு சீசனில், முறையான ஆய்வு வரும்வரை கொடுக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தன் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டபோது பெரிய சர்ச்சையே வெடித்தது. தமிழ் மருத்துவத்துக்கு ஆதரவு, எதிர்ப்பு என்று சண்டை போனதில், 'இது டெங்குவுக்கு எந்த அளவு உதவுது?' என்ற எளிய கேள்வி காணாமல் போனது.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. பழைய நூல்களில் சொன்ன முறைப்படி, அதே நோய்க்குத் தயாரிக்கும் மருந்துக்கு உரிமம் வாங்க, அது பலன் தருகிறது என்று புதிதாக மனிதர்களிடம் சோதித்துக் காட்ட வேண்டியதில்லை. நூலில் இருப்பதே போதும். புது அலோபதி மருந்துக்கு ஒரு அளவுகோல், பழைய சூரணத்துக்கு வேறு அளவுகோல் என்றால், நல்ல சூரணத்துக்கும் அது அநியாயம்தான். நிஜமாகவே வேலை செய்யும் மருந்தும் சும்மா இருக்கும் மருந்தும் ஒரே அலமாரியில், ஒரே முத்திரையோடு நிற்கும்.

அப்போ காசு எங்கே போகணும்?

சாதாரண சளிக்குச் சுக்குக் கஷாயம் போட அரசு பட்ஜெட் தேவையில்லை. வீட்டு அடுப்பே போதும். சின்ன நோய்க்கு இந்த வைத்தியங்களின் மதிப்பு இதம், சிக்கனம், பொறுமை ஆகிய மூன்றிலும் இருக்கு. அதற்கு நன்றி சொல்லலாம். ஆனால் 'தானாகப் போன நோயை இது குணமாக்கியது' என்ற அனுபவத்தை வைத்துப் பொதுப்பணத்தை ஒதுக்க முடியாது.

பொதுப்பணம் போக வேண்டிய இடங்கள் வேறு. முதலில், ஆய்வு. நிலவேம்புக் குடிநீரானாலும் கபசுரக் குடிநீரானாலும், ஒரு குழுவுக்குக் கொடுத்து, இன்னொரு குழுவுக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்கும் பெரிய சோதனைகளுக்குப் பணம் தரணும். முடிவு பாதகமாக வந்தாலும் வெளியிடணும். இரண்டாவது, தரம். ஒவ்வொரு பேட்ச்சிலும் உலோகம், நச்சு, கலப்படம் சோதிக்கும் ஆய்வகங்கள் வேணும்; சிந்த்வாரா சம்பவம் காட்டியபடி இது இருமல் சிரப்புக்கும் சேர்த்துத்தான். மூன்றாவது, ஆட்கள். எது சின்ன நோய், எது பெரிய நோய் என்று பிரித்தறிந்து, தேவையானபோது அடுத்த அறையில் இருக்கும் எம்.பி.பி.எஸ் டாக்டரிடம் உடனே அனுப்பும் சித்த மருத்துவர், ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொத்து. சோதனையில் தேறிய மருந்து, எந்த மரபிலிருந்து வந்தாலும் இலவசப் பட்டியலில் ஏறட்டும். தேறாதது, எவ்வளவு பழசானாலும் இறங்கட்டும். நிலவாகை அப்படித்தான் உலகப் பட்டியலில் ஏறியது. அதைத் தமிழ் மருத்துவம் என்றோ இங்கிலீஷ் மருத்துவம் என்றோ யாரும் இன்று பிரித்துப் பார்ப்பதில்லை.

உங்க போனில் சேவ் பண்ண ஒரு லிஸ்ட்

* மருந்து வாங்கும் முன் லேபிளில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி நாலும் இருக்கான்னு பாருங்க. ஒன்று இல்லைன்னாலும் வேண்டாம்.
* நூறு சதவிகித குணம், பக்கவிளைவே கிடையாது என்று விளம்பரம் வந்தால் ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுங்க. சர்க்கரை, புற்றுநோய் உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது.
* சித்தா, ஆயுர்வேத மருந்து சாப்பிடுவதை உங்க டாக்டரிடமும், மாத்திரை சாப்பிடுவதைச் சித்த மருத்துவரிடமும் மறைக்காதீங்க. ரெண்டும் ஒன்றோடொன்று மோதலாம்.
* ஒரு மருந்துக்கு இந்தியாவில் சோதனை நடக்குதா என்று தெரிஞ்சுக்க, சி.டி.ஆர்.ஐ எனப்படும் மருத்துவச் சோதனைகளின் தேசியப் பதிவேட்டைப் போனிலேயே தேடலாம். எல்லோருக்கும் திறந்திருக்கு.
* சந்தேகம் வந்தால் 104, அவசரம் என்றால் 108.

அடுத்த முறை ஃபேமிலி குரூப்ல கஷாயச் சண்டை வந்தால், பெரியம்மாவையும் அமெரிக்கா அண்ணனையும் ஒரே கேள்வியில் சமாதானப்படுத்தலாம்: "சும்மா இருந்தா என்ன ஆகியிருக்கும்?" அதையே அரசிடமும் கேட்போம். பதிலைச் சோதித்துக் காட்டுகிற மருந்துக்கு நம்ம பணம் தாராளமாகப் போகட்டும்.